சொல்லும் சரக்கும்

நன்னூலில் குழூஉக்குறி என்றொரு வழக்கு பேசப்படுகிறது. ஒரு தொழிலைச் செய்யும் கூட்டத்தார், ஒரு பொருளின் இயற்பெயரை விட்டுத் தமக்குள் மட்டும் விளங்கும் வேறொரு பெயரால் அதனை வழங்குவது குழூஉக்குறி எனப்படும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். இம்மூன்று எடுத்துக்காட்டுகளையும் நாம் பள்ளியிலிருந்தே மனப்பாடம் செய்து வருகிறோம். யானைப்பாகருக்கே ஆடைக்கென்று தனிச்சொல் இருந்தது என்றால், ஆடையையே தொழிலாகக் கொண்டவர்களிடம் எத்தனை சொற்கள் இருக்கும்? அச்சொற்களில் சிலவற்றைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன்.

'இது வணிகவியல் மாணவர்கள் எழுத வேண்டிய கட்டுரை அல்லவா? கணிதம் படிக்கும் மாணவிக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு வேலை இருக்கிறது. என் அம்மா ஜவுளி வியாபாரி. கடை இல்லை, பலகை இல்லை. லுங்கி, துண்டு, நைட்டி, உள்பாவாடை, பிள்ளைகளுக்கான சட்டை ஆகியவற்றை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாரத் தவணைக்கு விற்று வருகிறார். கொள்முதல் செய்வது ஈரோட்டு ஜவுளிச் சந்தையில். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் சந்தை அது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து மட்டுமின்றிக் கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் வியாபாரிகள் அங்கே வருகின்றனர். விடுமுறை நாட்களில் நானும் அம்மாவுடன் போவேன். அவருக்குக் கையெழுத்துப் போட வரும். பில் படிக்க வராது. எங்கள் வீட்டில் பில் படிக்கக் கற்ற முதல் ஆள் நான்தான்.

பழைய ஜவுளிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. துணியில் கட்டியுள்ள அட்டையில் அசல் விலையை எண்ணால் எழுதமாட்டார்கள், எழுத்தால் எழுதுவார்கள். ஒன்று முதல் சுழியம் வரை பத்து எண்களுக்குப் பத்து எழுத்துகளை அந்தக் கடைக்காரர் தமக்கென வைத்திருப்பார். விளக்கத்திற்காக நானே ஒன்று அமைத்துக் காட்டுகிறேன். க, ச, ட, த, ப, ற, ய, ர, ல, வ என்னும் பத்தும் முறையே 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 0 என்று கொள்வோம். 'சதவ' என்று அட்டையில் இருந்தால் அசல் 240 ரூபாய். வாடிக்கையாளர் எதிரிலேயே விற்பனையாளர் அதைப் படித்து, எதுவரை விலையை இறக்கலாம் என்று தெரிந்துகொள்வார்.

இத்தகைய மறைவெழுத்தால் யாரும் ஏமாறுவதில்லை. 'இது நமக்குத் தெரியாத எழுத்து' என்பது வாங்குபவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே எச்சரிக்கையாக இருப்பார். எல்லாரும் வாய்விட்டுச் சொல்லும் சொற்களே இடர் தருபவை. செட், லாட், தள்ளுபடி, கடன், டெலிவரி ஆகியவை நாள்தோறும் காதில் விழும் சொற்கள். காதில் விழுந்து பழகியதனாலேயே பொருளும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். மொத்த வியாபாரத்தில் ஒவ்வொரு சொல்லும் ஓர் உடன்படிக்கை. யார் பணம் தருவது, எப்போது தருவது, சரக்கு கெட்டாலோ தேங்கினாலோ இழப்பு யார் தலையில் விழும் என்னும் மூன்று வினாக்களுக்கான விடை அந்தச் சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அளவுச் சொற்களைப் பார்ப்போம். உருப்படி என்றால் ஒன்று. டஜன் பன்னிரண்டு. குரோஸ் என்பது பன்னிரண்டு டஜன், அதாவது 144. இவற்றில் குழப்பம் இல்லை. 'செட்' என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ஆயத்த ஆடைகளை மொத்த வியாபாரி பெரும்பாலும் அளவு வாரியாகக் கலந்து செட்டாகத்தான் தருவார். ஒரு செட்டில் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்.எல் ஒன்று என ஆறு சட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். செட்டாக எடுத்தால் ஒரு சட்டை 180 ரூபாய். வேண்டிய அளவை மட்டும் பிரித்து எடுத்தால் 200 ரூபாய். செட்டே மலிவு என்று தோன்றும். ஆனால் நம்மிடம் வாங்குபவர்களில் எக்ஸ்.எல் உடுத்துவோர் இல்லையென்றால், 1,080 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆறில் ஐந்துதான் விற்கும். அந்த ஐந்தின் அசல் 216 ரூபாய் ஆகிவிடும். பிரித்து எடுப்பதே மலிவு! விற்காத அளவு தம்மிடம் தேங்கிவிடக்கூடாது என்று மொத்த வியாபாரி அந்தச் சுமையை நம் பக்கம் தள்ளுகிறார்; அதற்குத் தரும் கூலிதான் அந்த 20 ரூபாய். கூலி போதுமா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுக் காட்டியபோது அம்மா சிரித்தார். அவரும், பக்கத்து ஊரிலிருந்து வரும் இன்னொரு வியாபாரி அக்காவும் நெடுநாளாகவே செட்டைச் சேர்ந்து வாங்கித் தமக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த அக்காவுக்கு எக்ஸ்.எல் போகும், அம்மாவுக்கு எம் போகும். தாளும் பேனாவும் இல்லாமலே விடை கண்டவர்கள் அவர்கள்.

அடுத்தது இலாபத்தைக் குறிக்கும் சொற்கள். 100 ரூபாய்க்கு வாங்கி 125 ரூபாய்க்கு விற்றால் இலாபம் 25 ரூபாய். அசலைக் கொண்டு கணக்கிட்டால் அது 25 விழுக்காடு. இதனை 'மார்க்கப்' என்பர். விற்ற விலையைக் கொண்டு கணக்கிட்டால் 20 விழுக்காடுதான், இது 'மார்ஜின்'. ரூபாய் ஒன்றே; விழுக்காடு இரண்டு. 'உங்களுக்கு 25 விழுக்காடு நிற்கும்' என்று ஒருவர் சொன்னால், 'எதன் மீது?' என்று கேட்க வேண்டும். தள்ளுபடியும் இப்படியே. '20 தள்ளுபடி, அதற்கு மேல் 10 தள்ளுபடி' என்பது 30 ஆகாது. நூறில் 20 கழிந்தால் 80. எண்பதில் பத்து விழுக்காடு 8. ஆக மொத்தம் 28 விழுக்காடுதான் தள்ளுபடி. பெரிய கொள்முதலில் அந்த இரண்டு விழுக்காட்டில் ஒருவரது பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அடங்கிவிடும்.

காலத்தைப் பற்றிய சொற்கள் இவற்றிலும் நுட்பமானவை. நெடுநாள் பழகிய வியாபாரிக்கு மொத்தக் கடையில் கடன் தருவார்கள். '30 நாள் கடன். 10 நாளுக்குள் ரொக்கம் என்றால் 2 விழுக்காடு தள்ளுபடி' என்பது ஒரு வழக்கமான முறை. இரண்டு விழுக்காடுதானே என்று தோன்றும். 10,000 ரூபாய் பில்லை எடுத்துக்கொள்வோம். பத்தாம் நாள் கொடுத்தால் 9,800. முப்பதாம் நாள் கொடுத்தால் 10,000. அதாவது 9,800 ரூபாயை 20 நாள் கூடுதலாக வைத்திருப்பதற்கு 200 ரூபாய் தருகிறோம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 37 விழுக்காட்டுக்கும் மேல். நம் ஊர் வழக்கில் சொன்னால் 'மூன்று வட்டி'க்குக் கடன் வாங்குவதற்குச் சமம். 'கடன்' என்னும் சொல் இனிமையாக இருப்பதால் அதற்குள் இருக்கும் வட்டி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குறைந்த வட்டிக்கு நகைக்கடன் கிடைக்குமானால், அதை வாங்கியாவது பத்தாம் நாளே பில்லைத் தீர்த்துவிடுவது மேல் என்று கணக்கு சொல்கிறது.

முப்பது நாள் என்பது எந்த நாளிலிருந்து என்பதும் கேட்க வேண்டிய வினா. பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்தா? தீபாவளி நெரிசலில் சரக்கு ஒரு வாரம் பிந்தி வந்தால், முப்பது நாள் இருபத்து மூன்று நாளாகிவிடும். இச்சொல்லின் மறுபக்கத்தில் துன்பப்படுவோர் சரக்கை நெய்தும் தைத்தும் கொடுக்கும் சிறு கூடத்தார். அவர்களுக்காகவே 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், உடன்படிக்கையில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது என்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தரவேண்டும். தையல் கூடம் வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் நம் கல்லூரியிலும் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் சொல்ல வேண்டிய செய்தி இது.

சரக்கு வழியில் இருக்கும்போது அது யாருடையது? தீபாவளி, பொங்கல் காலங்களில் அம்மா மூட்டையைச் சுமக்க முடியாமல் லாரி புக்கிங் அலுவலகத்தில் போடுவார். அங்கே தரும் சீட்டுக்கு 'எல்.ஆர்.' என்று பெயர். லாரி ரசீது என்பதன் சுருக்கம். அதில் 'பெய்ட்' என்றிருந்தால் வாடகையை அனுப்பியவர் கட்டிவிட்டார்; 'டு பே' என்றிருந்தால் எடுப்பவர் கட்ட வேண்டும். இது வாடகையைப் பற்றிய செய்தி. வழியில் சரக்கு நனைந்தால் யாருக்கு நட்டம் என்பது வேறு செய்தி. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, சரக்கின் உரிமை யாரிடம் சென்றுவிட்டதோ அவரையே இழப்பும் சாரும். வாங்குபவருக்கு அனுப்புவதற்காக லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் முதலில் கொள்ளப்படும். ஆகவே ஈரோட்டில் மூட்டை லாரியில் ஏறியதும் அது பெரும்பாலும் நம் மூட்டை. 'எங்கள் ஊர் வந்து சேரும் வரை உங்கள் பொறுப்பு' என்பதை முன்கூட்டியே பேசி, பில்லிலும் எழுதி வாங்கினால்தான் நிலைமை மாறும்.

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனங்களும் இதே வினாவைத்தான் கேட்கின்றன. அவர்கள் மொழியில் அது 'எஃப்.ஓ.பி.', 'சி.ஐ.எஃப்.' என்று வரும். பன்னாட்டு வணிகச் சங்கம் இத்தகைய சொற்களுக்கு 1936 ஆம் ஆண்டில் முதன்முதலாக விதிகள் வகுத்தது. இறுதியாக 2020 இல் திருத்தியது. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு. பிறகு வாங்குபவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். என்றால் போய்ச் சேரும் துறைமுகம் வரை கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் விற்பவரே கட்டவேண்டும். ஆனால் இழப்புப் பொறுப்பு அப்போதும் கப்பலில் ஏற்றியவுடனே வாங்குபவரிடம் சென்றுவிடும். பணம் கட்டுபவர் ஒருவர். இழப்பைத் தாங்குபவர் இன்னொருவர். லாரி ரசீதில் 'பெய்ட்' என்று பார்த்து நிம்மதி அடைபவரும், சி.ஐ.எஃப். என்று பார்த்து நிம்மதி அடைபவரும் ஒரே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. முறையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 61 என்று தொடங்கினால் பின்னலாடை. 62 என்று தொடங்கினால் நெய்த துணியில் தைத்த ஆடை. 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு 5 விழுக்காடு வரி. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. சந்தையில் 'பில் போட்டா ஒரு விலை, பில் இல்லாம ஒரு விலைங்க' என்று சொல்பவர்களும் உண்டு. பில் இல்லாத விலையில் குறைவது வரி மட்டுமன்று. சரக்கில் குறை இருந்தால் திரும்பிப் போய்க் கேட்பதற்கான சான்றும் அதனுடன் போய்விடுகிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு திங்கள் இரவு அம்மா ஒரு கடையில் மூன்று டஜன் நைட்டிகள் எடுத்தார். உருப்படி 140 ரூபாய். வழக்கத்தை விட மிகவும் குறைவு. "ஏனுங்க தம்பி, நல்ல சரக்குங்களா?" என்று கேட்டார். "லாட்டு சரக்குங்க அக்கா, விலையைப் பாருங்க, இந்த விலைக்கு எங்க கிடைக்கும்?" என்றார் கடைக்காரர். பில்லிலும் 'லாட்' என்று எழுதினார். கட்டு பிரிக்காமல் வந்தது. வீட்டில் பிரித்தபோது முப்பத்தாறில் ஒன்பது நைட்டிகளில் குறை இருந்தது. சிலவற்றில் தையல் விலகியிருந்தது. சிலவற்றில் சாயம் திட்டுத் திட்டாக இருந்தது. அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போனபோது, "லாட்டுன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே அக்கா" என்று சொல்லிவிட்டார். பில்லின் அடியில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்னும் வரியும் இருந்தது.

ஏற்றுமதியில் தள்ளப்பட்டதும், அளவு கலைந்து தேங்கியதும், குறை உடையதும் ஆகிய சரக்கை 'உள்ளது உள்ளபடி' மொத்தமாகத் தள்ளிவிடுவதே லாட் என்பதை அன்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று கூற முடியாது. சொல்லைச் சொன்னார், பொருளைச் சொல்லவில்லை. கேட்பவருக்குப் பொருள் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என் வருத்தம். 'நல்ல சரக்கா?' என்ற நேரான வினாவுக்கு 'இல்லை' என்னும் நேரான விடையை மறைப்பதற்கு ஒரு தொழிற்சொல் பயன்பட்டது.

அந்த ஒன்பது நைட்டிகளையும் அம்மா என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவற்றோடு கலந்து விற்றிருக்கலாம்; வாங்குபவர்கள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்குகிறவர்கள். அம்மா அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் தாமே விரித்துக் காட்டினார். "இங்க பாரு கண்ணு, தையல் விட்டிருக்கு. ரெண்டு போடு போட்டாச் சரியாயிடும். அதனால நூறு ரூபாய்தான்" என்றார். ஒன்பதும் விற்றன. உருப்படிக்கு 40 ரூபாய் வீதம் 360 ரூபாய் அசலிலேயே போயிற்று. 'லாட்' என்ற ஒரு சொல்லுக்குள் மூடி வைக்கப்பட்டிருந்ததை அம்மா ஒரு சொல் விடாமல் திறந்து காட்டி விற்றார். ஒரே சரக்கு, ஒரே குறை. ஒருவர் அதை மறைத்தார். ஒருவர் அதை விளக்கினார். வியாபாரத்தில் நேர்மை என்பது எங்கே இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சந்தையில் கேட்ட சொற்களை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மூன்று கட்டம்: பணம் யார் தருவது, எப்போது தருவது, நட்டம் யாருக்கு. விடை தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த திங்கட்கிழமை கடைக்காரரிடமே அம்மா கேட்டு வருகிறார். "செகண்ட்ஸ்னா சாயம் போறதுங்களா, தையல் விட்டதுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் விளக்குகிறார்கள். கேட்பவரிடம் விளக்கிச் சொல்லும் நல்ல வியாபாரிகளே சந்தையில் மிகுதி.

இதற்கும் கல்லூரிக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். நம்முள் பலர் பட்டம் பெற்றபின் ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம் ஆகிய ஊர்களில் ஜவுளி நிறுவனங்களில்தான் முதல் வேலைக்குச் சேர்வோம். அங்கே பில் எழுதும் நாற்காலியில் அமர்வோம். நம் எதிரே, பட்டம் பெறாத ஒருவர் மூட்டையுடன் நின்று, "ஏனுங்க, இது என்னதுங்க எழுதியிருக்கு?" என்று கேட்பார். நாம் கற்ற சொற்கள் அப்போது அவருக்கு வேலியாகவும் ஆகலாம், வழியாகவும் ஆகலாம். வணிகவியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து, சந்தையில் வழங்கும் சொற்களுக்கு எளிய தமிழில் ஒரு சிறு கையேடு உருவாக்கினால், நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் அதனை ஊர்தோறும் படித்துக் காட்டலாம். அந்தப் பணியில் எங்கள் வீட்டு நோட்டைத் தந்து உதவ அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார்.